அண்ணனின் லெகோ பெட்டிகள் என்ன விலை போகும்?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் பதினைந்து வருடமாகச் சேர்த்த லெகோ செட்டுகள் மூன்று அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. நான்கு செட் சீல் உடைக்காதவை. ஏழெட்டு செட் ஒருமுறை கட்டிப் பிரித்து ஜிப் பைகளில் போட்டவை. மீதி, ஒரு பெரிய பை நிறையக் கலந்து கிடக்கும் துண்டுகளும் குட்டி மனிதப் பொம்மைகளும். இணையத்தில் ஒரே செட்டுக்கு மூன்று விதமாக விலை காட்டுகிறது. இதற்கிடையில் ஒருவர் “மொத்தமாகத் தந்துவிடுங்கள்” என்று ஒரு தொகை சொல்லியிருக்கிறார். அது நியாயமா, எப்படிக் கணக்குப் போடுவது?

முதல் வேலையாக அந்த மொத்த விலைக்காரரை இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்க மாட்டேன் என்று அவர் பறந்தால், பெட்டிக்குள் எதையோ அவர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

நீங்கள் பார்த்த மூன்று விலையும் மூன்று வெவ்வேறு சங்கதிகள். ஒன்று, விற்பவர் ஆசைப்பட்டுப் போட்டிருக்கும் விலை. இரண்டாவது, ஏதோ ஒரு தளம் தன் கணக்கில் போட்டுச் சொல்லும் ‘இன்றைய மதிப்பு’. மூன்றாவது, யாரோ ஒருவர் நிஜமாகவே பணம் கொடுத்து வாங்கிப்போன விலை. இதில் உங்களுக்கு வேண்டியது மூன்றாவது மட்டும்தான். முதலாவதை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு விண்கலம் செட்டை, அதே செட்டுக்கு மற்றவர்கள் போட்டிருந்த விலையைப் பார்த்து அதைவிடக் கொஞ்சம் குறைவாகப் போட்டேன். ஏழு மாதம் ஈ கூட மொய்க்கவில்லை. பிறகுதான் உறைத்தது: எனக்கு மேலே வரிசையாக நின்ற அந்த விலைகள் எல்லாமே என்னுடையதைப் போலவே விற்காமல் கிடந்தவை. விற்றது எல்லாம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும், விற்காதது மட்டும் கண்ணுக்குத் தெரியும். விற்றுமுடிந்த விலைகளைத் தேடிப் பார்த்து, நான் கேட்டதில் 60 சதவீதத்துக்கு இறக்கினேன். நாலே நாளில் போய்விட்டது.

விற்ற விலையை எங்கே பார்ப்பது? லெகோவுக்கென்றே இருக்கும் பெரிய சந்தை பிரிக்லிங்க். 2000-ல் ஒரு தனி ரசிகர் தொடங்கியது, 2019-ல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. அதில் ஒவ்வொரு செட்டுக்கும், ஒவ்வொரு துண்டுக்கும், ஒவ்வொரு பொம்மைக்கும் விலை வழிகாட்டி என்று ஒரு பக்கம் உண்டு. கடந்த ஆறு மாதத்தில் விற்றவை ஒரு பக்கம், இப்போது விற்பனைக்கு நிற்பவை இன்னொரு பக்கம். இரண்டிலும் புதியது தனி, பழையது தனி. ஈபேயிலும் ‘விற்றுமுடிந்தவை’ என்று வடிகட்டிப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். வாங்குகிற கூட்டம் இரண்டிலும் ஒன்றல்ல. பிரிக்லிங்கில் இருப்பவர்கள் விலை தெரிந்தவர்கள், கறாராக இருப்பார்கள். ஈபேயில் பரிசு கொடுக்க வாங்குபவர்களும் வருவார்கள், பெட்டி அழகாக இருந்தால் கூடுதலாகவே கொடுப்பார்கள்.

அந்தப் பக்கத்தில் முதலில் கண்ணில் படுவது சராசரி. அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு செட் ஆறு மாதத்தில் ஐந்து முறை விற்றிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 140, 150, 155, 160, 310 டாலர். சராசரி 183. ஆனால் அந்த ஐந்து பேரில் நான்கு பேர் 160-க்கு மேல் கொடுக்கவில்லை. 310 கொடுத்தவருக்கு விளக்கு பொருத்திய செட் கிடைத்திருக்கலாம், இரண்டு செட் சேர்ந்து வந்திருக்கலாம், அல்லது அவர் அவசரக்காரராக இருந்திருக்கலாம். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள், 155. உங்கள் கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னொன்று, எத்தனை முறை விற்றது என்பதையும் பாருங்கள். ஆறு மாதத்தில் அறுபது தடவை கைமாறிய செட்டின் விலையை நம்பலாம். இரண்டே தடவை என்றால் அது விலை இல்லை, இரண்டு பேரின் கதை. ‘பழையது’ என்ற ஒரே தலைப்பின் கீழே பெட்டியும் புத்தகமும் சேர்ந்து முழுமையாக இருப்பதும், பொம்மைகளை உருவிவிட்டு விற்றதும் ஒன்றாகக் கிடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் செட் எண் தெரிய வேண்டும். பெட்டியிலும் வழிகாட்டிப் புத்தகத்தின் அட்டையிலும் அது இருக்கும். பழைய செட்டுகளுக்கு மூன்று, நான்கு இலக்கம், பிறகு வந்தவற்றுக்கு ஐந்து. பெட்டியும் புத்தகமும் போய்விட்டால் ஸ்டிக்கர் தாளின் ஓரத்தைப் பாருங்கள், பொடி எழுத்தில் செட் எண் அச்சிட்டிருப்பார்கள். துண்டுகளின் அடிப்பக்கத்தில் வார்த்திருக்கும் எண்ணைச் செட் எண் என்று நினைத்துக் குழம்பாதீர்கள், அது அந்தத் துண்டை வார்த்த அச்சின் எண். ஆனால் படம் அச்சான ஒரு துண்டு, வழக்கமில்லாத நிறத்தில் ஒரு துண்டு கிடைத்தால், ரீபிரிக்கபிள் தளத்தில் தேடி அது எந்தெந்த செட்டில் வந்தது என்று கண்டுபிடிக்கலாம். சில துண்டுகள் ஒரே ஒரு செட்டில்தான் வந்திருக்கும். பிரிக்செட் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் எந்த ஆண்டு வந்தது, முதலில் என்ன விலை என்பதெல்லாம் கிடைக்கும்.

முக்கியமாக, அந்த செட் இன்னும் கடையில் விற்கிறதா, உற்பத்தியை நிறுத்திவிட்டார்களா என்று பாருங்கள். இன்னும் விற்கும் செட் என்றால் கணக்கே வேண்டாம். கடை விலைக்குக் கீழேதான் போகும், அதுவும் கடையில் தள்ளுபடி ஓடும் மாதமென்றால் இன்னும் கீழே. பெரும்பாலான செட்டுகள் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் நிறுத்தப்பட்டுவிடும். நிறுத்திய மறுநாளே விலை ஏறிவிடும் என்பதும் இல்லை. நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஐந்து, பத்து என்று வாங்கி அடுக்கியிருப்பார்கள். அந்தச் சரக்கெல்லாம் கரையும்வரை விலை அசையாது.

இப்போது சீல் உடைக்காத நான்கு. இவைதான் எளிது, ஏமாற்று வேலையும் இவற்றில்தான் அதிகம். பெரிய பெட்டிகளின் மூடியில் வட்டமான ஒளிபுகும் ஒட்டுவில்லைகள் இருக்கும். சின்னப் பெட்டிகள் பசையால் ஒட்டியவை. ஒட்டுவில்லையின் ஓரத்தில் அட்டையின் மேல்தாள் கிழிந்து எழும்பியிருக்கிறதா, வில்லைக்கடியில் தூசியோ சுருக்கமோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிரிக்லிங்க் பட்டியலில் செட்டின் எடையைக் கிராமில் போட்டிருப்பார்கள். சமையலறைத் தராசில் வைத்து ஒப்பிடுங்கள். அண்ணன் வாங்கியது என்று தெரிந்தாலும் இதைச் செய்துவிடுங்கள், ஏனென்றால் அவரே இரண்டாம் கையாக வாங்கியிருக்கலாம். எடை மட்டுமே போதாது என்பதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். சீல் பெட்டி என்று ஒருவரிடம் வாங்கினேன், எடை கச்சிதமாக இருந்தது. திறந்தால், பொம்மைகள் இருக்க வேண்டிய மூன்றாம் எண் பை இல்லை. அதன் எடைக்கு ஈடாக ஒரு பிடி சாதாரணச் சிவப்புக் கட்டைகள். விற்றவர் எனக்கே அப்படித்தான் வந்தது என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம்.

சீல் பெட்டியை வாங்குபவர் பாதி விலையை அட்டைக்குத்தான் கொடுக்கிறார் என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் அதுதான் நடப்பு. மூலை நசுங்கல், வெயிலில் வெளிறிய பக்கம், கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டைப் பிய்த்த தழும்பு, ஈரம் ஏறிய அலை, எல்லாமே விலையைக் குறைக்கும். எவ்வளவு குறையும் என்பதற்கு வாய்ப்பாடு இல்லை. விற்ற பட்டியலில் இதேபோல் அடிபட்ட பெட்டி என்ன விலைக்குப் போனது என்று தேடுவதுதான் வழி. விலைச்சீட்டை நீங்களே பிய்க்க முயலாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள். பெட்டி திறந்திருந்தாலும் உள்ளே பைகள் பிரிக்காமல் இருந்தால் அதற்குத் தனி விலை உண்டு. சீல் பெட்டிக்கும் பழைய செட்டுக்கும் நடுவில் நிற்கும்.

சீல் செட்டை வைத்திருந்தால் ஏறிக்கொண்டேதான் போகும் என்று உங்களுக்குப் பலரும் சொல்வார்கள். தாஜ்மஹால் கதையைக் கேளுங்கள். 2008-ல் 5,922 துண்டுகளோடு 10189 என்ற எண்ணில் வந்தது, விலை 299.99 டாலர். நிறுத்தியபிறகு பல மடங்கு ஏறியது. வீட்டில் ஒரு தாஜ்மஹால் பெட்டி இருந்தால் அதைத் தங்கம்போல் பேசினார்கள். 2017-ல் லெகோ அதையே 10256 என்ற எண்ணில் மறுபடி விட்டது. ஒரே ஒரு துண்டு மட்டும் அதிகம், விலை 369.99 டாலர். பழைய பெட்டியை உச்ச விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு ஸ்டார் வார்ஸ் வரிசையில் பெரிய மில்லேனியம் ஃபால்கன் விண்கலமும் புதிதாக வந்தது. 2007-ல் வந்த 10179-ல் 5,197 துண்டுகள். 2017-ல் வந்த 75192-ல் 7,541 துண்டுகள், வந்தபோது விலை 799.99 டாலர். பழையதுதான் வேண்டும் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆனால் ‘எனக்கு ஒரு பெரிய ஃபால்கன் வேண்டும்’ என்று மட்டும் இருந்தவர்கள் எல்லோரும் அன்றே கடைப்பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆகவே உங்கள் நான்கில் புகழ்பெற்ற கட்டடமோ புகழ்பெற்ற வண்டியோ இருந்தால், அதே பொருளின் புதிய பதிப்பு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

லெகோ முதலீடு பற்றி ஒரு ஆய்வை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ரஷ்யாவின் ஹயர் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரையிலான 2,322 செட்டுகளை எடுத்துப் பார்த்ததில், இரண்டாம் கைச் சந்தையில் ஆண்டுக்குச் சராசரியாக 11 சதவீதமாவது ஏறியிருக்கிறது என்றார்கள். ஆனால் அதே ஆய்வில் செட்டுக்குச் செட் வேறுபாடு இழப்பு 50 சதவீதம் முதல் லாபம் 600 சதவீதம் வரை விரிந்திருந்தது. மிகச் சின்ன செட்டுகளும் மிகப் பெரிய செட்டுகளும் நடுத்தரத்தைவிட வேகமாக ஏறின என்பதும் அதில் வந்தது. அந்த 11-ஐ உங்கள் கைக்கு எடுத்து வந்து பார்ப்போம். 100 டாலருக்கு வாங்கியது, ஐந்து ஆண்டில் 168 ஆகிறது. விற்கும் தளமும் பணம் வாங்கும் வழியும் சேர்ந்து 12 சதவீதம் எடுத்தால் 20 போகும். பேக்கிங், கூரியர் 12 என்று வையுங்கள். மிச்சம் 136. ஆண்டுக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவே. ஐந்து ஆண்டு அலமாரியில் இடத்தை அடைத்ததற்கு யாரும் வாடகை தரவில்லை.

கட்டிப் பிரித்த ஏழெட்டு செட்டுக்கு வருவோம். உழைப்பு இங்கேதான். ரீபிரிக்கபிளிலோ பிரிக்லிங்கிலோ அந்த செட்டின் துண்டுப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம் வாரியாகக் குவித்து எண்ணுவதைவிட, புத்தகத்தைப் பார்த்து ஒருமுறை கட்டிவிடுவது பல நேரம் வேகமானது. நவீன செட்டுகளின் புத்தகம் லெகோ தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். கட்டினால் என்ன குறைகிறது என்று அந்தந்தப் படியிலேயே தெரிந்துவிடும். கையோடு படமும் எடுத்துவிடலாம், ‘முழுமையாக இருக்கிறது’ என்ற உங்கள் வார்த்தைக்கு அந்தப் படம்தான் சாட்சி.

குறைந்த துண்டை வாங்கிச் சேர்ப்பதா, குறையோடு விற்பதா? என் அலமாரியிலிருந்து ஒரு கணக்கு. 1,200 துண்டு செட், முழுமையாக இருந்தால் 180 போகும். என்னுடையதில் 14 துண்டும் ஒரு பொம்மையும் இல்லை. துண்டுகள் 6 டாலர், பொம்மை 38, இரண்டு கடைகளிலிருந்து வரவழைக்கும் செலவு 11. ஆக 55. கழித்தால் 125. குறையோடு விற்றால் 110 கிடைத்திருக்கும். பதினைந்து டாலருக்காக இரண்டு மாலைப்பொழுது, இரண்டு பார்சலுக்குக் காத்திருப்பு. நான் செய்தேன், ஏனென்றால் எனக்கு அது பொழுதுபோக்கு. உங்களுக்கு அது தலைவலி என்றால் என்ன குறைகிறது என்று நேர்மையாக எழுதிப் போட்டு விற்றுவிடுங்கள். பொம்மைகள் எல்லாம் இருந்து, துண்டு மட்டும் குறைந்திருந்தால் கட்டாயம் வாங்கிச் சேருங்கள். ஆறு டாலரில் ‘குறை உண்டு’ என்ற சொல்லே போய்விடும்.

வாங்கிச் சேர்க்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களையும் பழுப்பையும் மாற்றியது. அதற்கு முந்தைய சாம்பல் கொஞ்சம் மஞ்சள் சாய்ந்தது, பிந்தையது நீலம் சாய்ந்தது. கையில் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். 2002-ல் வந்த கோட்டையில் புது சாம்பல் கட்டை இரண்டு இருந்தால் தெரிந்தவர் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார், ‘இதில் வேறு எதெல்லாம் மாற்றினார்களோ’ என்று முழு செட்டையும் சந்தேகப்படுவார்.

நிலைமையைப் பார்ப்பது எப்படி என்றால், பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். வெள்ளை, வெளிர்சாம்பல், நீலக் கட்டைகளை எடுங்கள். 1963 முதல் லெகோ கட்டை ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகப் பழுக்கும். ஒரு வெள்ளைத் தட்டைக் கழற்றிப் பாருங்கள்: மேலே வேறு கட்டை மூடியிருந்த இடம் பால் வெள்ளையாக இருக்க, அதைச் சுற்றி வெண்ணெய் நிறத்தில் ஒரு சட்டம் விழுந்திருந்தால், அந்த செட் அலமாரியின் மேல் வருடக்கணக்கில் நின்றது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெளுக்கும் வித்தை இருக்கிறது, வேலையும் செய்யும். ஆனால் பிறகு மறுபடி மஞ்சளாகலாம். அப்படிச் செய்து விற்றால் செய்தேன் என்று சொல்லிவிடுவது முறை. செம்பழுப்பு, அடர்சிவப்புத் துண்டுகளைப் பிரிக்கும்போது பார்த்துப் பிரியுங்கள். இந்த இரண்டு நிறத்திலும் ஒரு காலத்துத் துண்டுகள் பிஸ்கட் மாதிரி ஒடியும். பழைய 9 வோல்ட் மோட்டார் இருந்தால் வயரைப் பாருங்கள், மேலுறை பொடிந்து உதிர்ந்திருந்தால் மோட்டார் ஓடினாலும் விலை பாதிதான். சிகரெட் புகை படிந்த வீட்டுச் செட் என்றால் கழுவினாலும் நாற்றம் போகாது, அதையும் எழுத வேண்டியிருக்கும். ஸ்டிக்கர் ஒட்டாத தாள் பையில் கிடந்தால் பத்திரப்படுத்துங்கள். கோணலாக ஒட்டியதைவிட ஒட்டாதது மேல்.

இனி நீங்கள் ஒரே பையாகக் கட்டி ஓரமாக வைத்திருக்கும் அந்தக் கலவை. மொத்த விலைக்காரரின் கண் அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாதாரணக் கலவைக் கட்டைகளை எடை போட்டு விற்பார்கள், அதில் பெரிய பணம் இல்லை. பணம் பொம்மைகளில் இருக்கிறது. மினிஃபிகர் என்று சொல்வார்களே, 1978-ல் வந்த அந்தக் குட்டி மனிதர்கள். ஸ்டார் வார்ஸ் செட்டுகளில் பல நேரம் முழு செட்டின் விலையில் பாதிக்கு மேல் இரண்டு பொம்மைகள்தான். 2003-ல் 10123 என்ற எண்ணில் கிளவுட் சிட்டி செட் வந்தது. அதில் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மை ஒன்று, கைகளிலும் கால்களிலும் கூட படம் அச்சிட்டது. அந்த வடிவம் வேறு செட்டில் வரவில்லை. செட் கடையில் 99.99 டாலர். இன்று அந்த ஒரு பொம்மை மட்டும் அதைப்போல் பல மடங்குக்குப் போகிறது. உங்கள் பையில் அது இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் பையைக் கொட்டாமல் விற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. சின்ன வயதில் நான் ஒரு ஷூ பெட்டி நிறையப் பொம்மைகளைக் கிராம் கணக்கில் கொடுத்தவன். அதில் என்னென்ன இருந்தன என்று இப்போதும் சில இரவுகளில் நினைவு வரும்.

பொம்மையைப் பார்ப்பதற்கு நகைக்கடைக்காரரின் பொறுமை வேண்டும். போன் டார்ச்சை மார்புக்குப் பின்னால் பிடித்து, கை சேரும் இடத்துக்குக் கீழே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேதான் அடிக்கடி வெடிக்கும். கையின் பிடி பிளந்திருக்கிறதா, காலை நிறுத்தினால் நிற்கிறதா, முகத்தில் பல்தடம் இருக்கிறதா (இருக்கும், குழந்தைகள் கடிக்காமல் விட்டதே இல்லை). மார்பு அச்சின் வெள்ளி, தங்கக் கோடுகள் முதலில் தேயும். பழைய விண்வெளி வீரர்களின் ஹெல்மெட்டில் தாடைப்பட்டை மெலிது, நடுவில் ஒடிந்திருப்பதே வழக்கம். ஒடியாதது கிடைத்தால் பொம்மையை விட ஹெல்மெட்டுக்கு மதிப்பு. துணி மேலங்கி, கத்தி, தொப்பி இவற்றைத் தனியே ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்தப் பொம்மைக்கு எது என்று பிரிக்லிங்கில் பொருத்துவது இரண்டாம் நாள் வேலை. தலையை மாற்றிச் செருகியிருப்பார்கள், தலையும் உடலும் காலும் ஒரே பொம்மைக்குரியவைதானா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

போலிகளைப் பிரித்துவிடுங்கள். அசல் கட்டையின் மேலே நிற்கும் ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்று வார்த்திருக்கும், குமிழ் வெறுமையாக இருந்தால் அசல் இல்லை. லெபின் என்ற சீனத் தயாரிப்பு, நிறுத்திவிட்ட புகழ்பெற்ற செட்டுகளையே துண்டு துண்டாக நகலெடுத்து விற்றது. 2019-ல் ஷாங்காய் போலீஸ் அதன் கூடாரத்தைக் கலைத்தது, ஆனால் அதற்குள் விற்றவை எல்லாம் யாராவது ஒருவருடைய பையில்தான் இருக்கின்றன. அசல் செட்டில் இருபது போலித் துண்டு கலந்திருந்து, வாங்கியவர் கண்டுபிடித்தால், முழுப்பணத்தையும் திருப்பித் தர வேண்டிவரும்.

‘பிரித்து உதிரியாக விற்றால் இரட்டிப்பு’ என்று ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். பிரிக்லிங்கே ஒரு செட்டின் உதிரி மதிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டும். 200-க்கு விற்கும் செட்டுக்கு 420 என்று வரும். அந்த எண், ஒவ்வொரு துண்டும் விற்றுவிடும் என்று நினைத்துப் போட்டது. நிஜத்தில் பொம்மைகளும் அரிய நிறத் துண்டுகளும் முதல் மாதம் போகும். பிறகு 900 சாதாரணத் துண்டுகள் சின்னச் சின்ன டப்பாக்களில் உங்களோடு குடித்தனம் நடத்தும். கடையாகவே நடத்துபவர்களுக்குச் சரி. ஒருமுறை விற்கப்போகும் உங்களுக்கு வேண்டாம். விதிவிலக்கு ஒன்று உண்டு: பொம்மைகளுக்கு நல்ல விலை, கட்டடத்தை யாரும் கேட்பதில்லை என்ற வகை செட். அதில் பொம்மைகளைத் தனியாகவும், மீதியை ‘பொம்மை இல்லை’ என்று தெளிவாக எழுதித் தனியாகவும் விற்றால் கூட்டுத்தொகை கூடும். இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய பெட்டிகளை அனுப்பும் செலவு பலரை உட்கார வைத்திருக்கிறது. கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது வழக்கமான கணக்கு. 60, 50, 20 என்ற அளவுள்ள பெட்டி உள்ளே நாலு கிலோவே இருந்தாலும் 12 கிலோ என்றுதான் ரசீது வரும். சீல் பெட்டிக்கு வெளியே இன்னொரு அட்டைப்பெட்டி போடாமல் அனுப்பக் கூடாது என்பதால் அளவு இன்னும் கூடும். விலை போடுவதற்கு முன்பே வெளிப்பெட்டியோடு அளந்துகொள்ளுங்கள். கட்டிப் பிரித்த செட்டில் இந்தத் தொல்லை குறைவு. காலிப் பெட்டியைத் தட்டையாக மடித்து அனுப்பலாம், வாங்குபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் போதும்.

இப்போது உங்கள் தாளில் மூன்று பகுதி இருக்கும். சீல் செட் நான்கும் விற்றவற்றின் நடுவில் நிற்கும் விலையில், பெட்டியின் நிலைக்கேற்பக் கொஞ்சம் தள்ளி. பழைய செட்டுகளும் அதேபோல் நடுவில் நிற்கும் விலையில், குறைகளுக்கான செலவைக் கழித்து. பையில் தேறிய பொம்மைகள் ஒவ்வொன்றாக, மிச்சக் கட்டைகள் எடைக்கு. கூட்டிய தொகையிலிருந்து கமிஷன், பேக்கிங், கூரியரைக் கழியுங்கள். வருவதுதான் நீங்களே ஆறேழு மாதம் உட்கார்ந்து விற்றால் கைக்கு வரும் பணம்.

மொத்தமாக வாங்குபவர் அந்தத் தொகையில் பாதி சொன்னால் கோபப்பட வேண்டாம். படம் எடுப்பது, பார்சல் கட்டுவது, ‘ஒரு துண்டு காணோம்’ என்று வரும் கடிதத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் தலையில். பாதிக்கும் சற்று மேலே என்றால் நல்ல விலை என்றே சொல்வேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் வேண்டாம். அதற்கு முன், சீல் பெட்டி நான்கையும் பட்டியலில் மேலே நிற்கும் பத்துப் பன்னிரண்டு பொம்மைகளையும் எடுத்துவிட்டு, “மீதிக்கு என்ன தருவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொன்ன தொகை கொஞ்சமாக இறங்கினால் ஆள் கட்டைக்காகவே வந்தவர், மீதியை அவரிடமே கொடுத்துவிடலாம். பேச்சையே நிறுத்திவிட்டு எழுந்தால், எடுத்து வைத்த பொம்மைகளை இன்னொரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.